மூன்றாம் நாள் திருச்சி

"இதுக்கு நங்கூரம் எங்கண்ணே இருக்குது?"

ஹபீப் முகம்மது இப்படிக் கேட்டதும் வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஆளை எதுக்குத்தான் கூட அழைத்து வந்தோமோ என்று சொக்கலிங்கம் பல்லைக் கடித்தார்.

"ரயிலுக்கு ஏது பாய் நங்கூரம்? சும்மா வாங்க, மானத்தை வாங்காதீங்க."

போர்ட் பிளேர் பொருட்காட்சியில் அந்த வருஷம் கூட்டமெல்லாம் ரயில் கொட்டகையில்தான். தீவில் ரயில் ஏது? மரத்தில் ஒரு பெட்டி செய்து வைத்திருந்தார்கள். உள்ளே போய் உட்கார்ந்தால் வெளியே எல்லோரும் தாதா என்று கூப்பிடும் ஒரு வங்காளி அண்ணன் சக்கரத்தைச் சுற்றுவார். படம் வரைந்த நீளத் துணி ஜன்னலோரமாக ஓடும். வயல், பனைமரம், கோபுரம், மறுபடி அதே வயல். ஓடுகிற மாதிரி இருக்க வேண்டுமே என்று இரண்டு பேர் வெளியே நின்று பெட்டியைப் பிடித்து ஆட்டுவார்கள்.

எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஃபெர்ரி பிடித்து இரண்டு குடும்பங்கள் கிளம்பி வந்திருந்தன. அரசாங்க ஆபீஸ் கிளார்க் சொக்கலிங்கம், மனைவி இந்திராணி, மகள் ஜெயமணி. பக்கத்து வீட்டு மளிகைக்கடை ஹபீப் முகம்மது, அவர் மனைவி ஜன்னத் பீவி.

பத்து வயது ஜெயமணி தீவிலேயே பிறந்தவள். ரயிலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் ரயில் கதை கேட்டே வளர்ந்தவள். "மெட்ராஸ்ல ஏறினா மூணாம் நாள் விடிகாலை திருச்சி" என்று சொக்கலிங்கம் கடை வாசலில் ஆரம்பித்தால், ஹபீப் முகம்மது எடை போடுவதைக்கூட நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். எங்கப்பா நூறு தடவை ரயிலில் போயிருக்கிறார் என்று ஜெயமணி வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

சொக்கலிங்கம் ஒரு தடவைகூட ரயில் ஏறியதில்லை. சொந்த ஊர் திருப்போரூர். அங்கிருந்து மெட்ராஸுக்கு பஸ். மெட்ராஸிலிருந்து கப்பல். லீவில் போனாலும் அதே கப்பல், அதே பஸ். இது இந்திராணிக்கு மட்டும்தான் தெரியும். மகள் எதிரில் குட்டு உடைந்தால் அப்புறம் எந்த முகத்தோடு அப்பாவாக இருப்பது?

"சலோ, சலோ, பைட்டோ!" தாதா எல்லோரையும் உள்ளே தள்ளி உட்கார வைத்தார்.

பெட்டி ஆடியது. வயல் ஓடியது. ஜெயமணி அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, மேல சிவப்பா ஒரு கைப்பிடி தொங்குதே, அது எதுக்கு?"

சொக்கலிங்கத்துக்கு வேர்த்து விட்டது. துண்டு காயப்போடவா? பை மாட்டவா?

"அது வந்தும்மா..."

இந்திராணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆடுறப்ப பிடிச்சுக்கத்தான், வேற எதுக்கு?" ஹபீப் முகம்மது துள்ளி எழுந்து அதைப் பிடித்துத் தொங்கினார்.

மணி கணகணவென்று அலறியது. ஜன்னலில் பாதிக் கோபுரத்தோடு துணி நின்றது.

"அரே பாய் சாப்! செயின் இழுத்தா காடி நின்னுடும், இதுகூட மாலூம் நஹி?" என்று தாதா கத்தினார்.

சொக்கலிங்கத்துக்கு உயிர் வந்தது. "ஆபத்துன்னா வண்டியை நிறுத்துற சங்கிலிம்மா. அதைத்தான் சொல்ல வந்தேன், பாய் எங்க விட்டாரு!"

மறுபடி ஓட்டம். திடீரென்று பெட்டிக்குள் கும்மிருட்டு. சொக்கலிங்கம் பக்கத்தில் கிடைத்த கையை இறுகப் பிடித்துக்கொண்டு அலறுவதற்கு வாயைத் திறந்தார். கைக்குச் சொந்தக்காரர் முந்திக்கொண்டார்.

"யா அல்லா! ரயில் முழுகிடுச்சு!"

"குகை! குகைக்குள்ள போகுது! டரோ மத், பயப்படாதீங்க!" என்றார் தாதா வெளியிலிருந்து.

வெளிச்சம் வந்ததும் பெட்டியே ஹபீப் முகம்மதுவைப் பார்த்துச் சிரித்தது. சொக்கலிங்கம் அவர் கையை உதறிவிட்டு எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார்.

"பாய் மாமா, உங்களுக்கு ஒண்ணுமே தெரியல. எங்கப்பாகிட்ட கேட்டுக்கங்க" என்றாள் ஜெயமணி பெருமையாக.

"கேட்டுக்கிறேன் புள்ள."

வெளியே வந்ததும் சொக்கலிங்கம் விடவில்லை. "மெயின்லேண்ட் போறதா இருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க பாய். அங்க போய் நங்கூரம் தேடினீங்கன்னா தீவுக்காரங்க பேரே கெட்டுடும்."

"அதுக்கென்னண்ணே, கேட்டாப் போச்சு."

திரும்பும்போது ஃபெர்ரியில் நல்ல காற்று. ஜெயமணி அந்தக் கோடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மீன் துள்ளுவதைப் பார்த்தபடி நின்றாள். பெஞ்சில் இந்திராணி பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜன்னத் பீவிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"பார்த்தீங்களாக்கா இந்த மனுஷன் அடிச்ச கூத்தை! இங்க வர்றதுக்கு முன்னால எட்டு வருஷம் திருச்சி வண்டியில முறுக்கு வித்தவரு. ஓடுற ரயில்ல ஏறி ஓடுற ரயில்ல இறங்குவாரு. இவருக்கா சங்கிலி தெரியாது?"

பின்னால் நின்ற சொக்கலிங்கத்துக்குக் காதெல்லாம் சூடேறியது. கடை வாசலில் அந்த மனுஷன் வாயைப் பிளந்ததும், இன்றைக்குச் சங்கிலியில் தொங்கியதும் எதற்கென்று இப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது. கடலில் குதித்துவிடலாமா என்றுகூட இருந்தது.

ஹபீப் முகம்மது பக்கத்தில் வந்து நின்றார். கையிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினார். ஜெயமணி தூரத்தில்தான் இருக்கிறாளா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, மெட்ராஸ்லேர்ந்து திருச்சி ஒரே ராத்திரிதான். நீங்க புள்ளையை மூணு நாளா வண்டியிலயே வச்சிருக்கீங்க. அடுத்த தடவை கொஞ்சம் சீக்கிரமா இறக்கி விட்டுடுங்க."