உருகாத சீசியம்

அந்த வேதியியல் துறையில் ஓய்வு பெறுகிறவர், கண்ணாடிக் குழலில் அடைத்துவைத்த சீசியத்தைக் கையில் பிடித்து உருக்கவேண்டும். உருகினால்தான் மாலை, போண்டா, விடை. தண்ணீர் பட்டால் ஊரையே கூரையோடு தூக்கிக்கொண்டு போகும் அந்தப் பொன்னிற உலோகம், ஏசி அறையில் உறைந்து கிடந்தாலும் கைச்சூட்டுக்கு இளகிவிடும்.

பேராசிரியர் ஆபத்சகாயத்தின் கையில் மட்டும் அது உருகவில்லை. போண்டா ஆறிக் கருங்கல்லாகியும் உருகவில்லை.

"சார், ஒடம்புல ஓடுறது ரத்தமா, பச்சத்தண்ணியா?" என்றது கூட்டம்.

அவர் அப்பாவியாகச் சிரித்தார். 'கை கழுவிட்டு வரேன்' என்று போய்ப் போய், ஆவியாகிவிடாமலிருக்கப் புரோமின் குடுவை உட்கார்ந்திருந்த ஐஸ் தொட்டியில் விரல் மரத்துப்போகும்வரை கையை விட்டு வந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாளைக் காலை எழுந்து எங்கே போவதென்று அவருக்குத் தெரியவில்லை.

புரோமினைக் கட்டிக்காக்கும் சக பேராசிரியை ஞானசௌந்தரி அவருடைய நனைந்த சட்டைக்கையைப் பார்த்தார். சீசியமும் புரோமினும் சந்தித்ததுபோலத்தான் இருவரும் அத்தனை வருடமும் சந்தித்தார்கள். சீறி, வெடித்து, கடைசியில் ஒரு சிட்டிகை வெள்ளை உப்பாக அடங்குவார்கள்.

"மேடம், நீங்க பிடிச்சுக் காட்டுங்க. கோளாறு சீசியத்துலயா, சார்கிட்டயான்னு தெரிஞ்சிடும்" என்றார் துறைத்தலைவர்.

"இருங்க, என் புரோமினை ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்."

போனவர், புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பினார். உள்ளங்கையை நீட்டிக் குழலை வாங்கிக்கொண்டார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பொன் அசையாமல் கிடந்தது.

"சீசியத்துலதான் சார் கோளாறு" என்றார் ஞானசௌந்தரி. "நாளைக்குப் பாப்போம்."