தம்பிக்காக ஒரு மன்றாட்டு

தம்பியின் இரத்தத்திலும் அந்தப் பிழை இருக்க வேண்டும் என்று வின்சன்ற் மூன்று கிழமையாக மாதாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இன்று முடிவு தெரியும் நாள். டொக்டர் அம்மா உறையைப் பிரிப்பதற்குள் வின்சன்ற் இரண்டு முறை எழுந்து, இரண்டு முறை உட்கார்ந்துவிட்டார். கழுத்தில் அறுவைத் தழும்பு அரித்தது.

"அண்ணை, ஓரிடத்தில இருங்கோவன். என்ர ரத்தமெல்லோ! நீங்கள் ஏன் துடிக்கிறியள்?" என்று றொனால்ட் சிரித்தான்.

இருவருக்கும் நடுவில் றொனால்டின் மூத்தவள் யூலியா. பதினேழு வயது. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் டொக்டரோ வக்கீலோ, பெரியவர்களுக்குப் பிள்ளைகள்தான் மொழிபெயர்ப்பாளர்கள். றொனால்டின் ஜெர்மன் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடும். வின்சன்றுக்கு அதுவும் இல்லை.

சென்ற முறை அவள்தான் விளக்கினாள். உயிரணுவின் மேற்பரப்பில் ஒரு புரதம் காவலாளிபோல நிற்குமாம். வெளியிலிருந்து 'வளர்' என்று செய்தி வந்தால் வாங்கி உள்ளே அனுப்புமாம். அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவுக்குப் பெயர் றெட். வின்சன்றின் றெட்டில் பிழை. செய்தி வராமலே காவலாளி 'வளர், வளர்' என்று கத்துகிறான். அதுதான் கழுத்தில் தைரொயிட் சுரப்பியில் புற்றுநோய்.

பிழை உள்ளவரின் பிள்ளைக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முன்கூட்டியே கண்டுபிடித்துச் சுரப்பியை எடுத்துவிட்டால் பிள்ளை தப்பிவிடும்.

வின்சன்றுக்குப் பிள்ளை இல்லை என்று கோப்பில் இருந்தது. அதனால் தம்பியின் இரத்தத்தை எடுத்தார்கள்.

டொக்டர் அம்மா சிரித்தபடி பேசினார்.

"அப்பாவுக்கு இல்லையாம்!" யூலியா துள்ளினாள். "அப்ப எனக்கும் தம்பிமாருக்கும் ரத்தமே எடுக்கத் தேவையில்லையாம்!"

றொனால்ட் பாய்ந்து மகளைக் கட்டிப்பிடித்தான். அவன் கண்களில் நீர்.

நடிப்பில்லை. அவன் மறந்தே போய்விட்டான்.

பதினாறு வருடங்களுக்கு முன், மன்னாரில் மனைவியைக் குண்டுக்குப் பறிகொடுத்த கிழமை, ஜெர்மனிக்குப் புறப்பட்ட தம்பி மனைவி எவ்லினின் கையில் வின்சன்ற் ஒரு வயதுக் குழந்தையைக் கொடுத்தார். எவ்லினின் மகள் என்று கடவுச்சீட்டில் பதிந்தார்கள். எட்டு வருடம் கழித்து அவர் வந்து சேர்ந்தபோது அவள் அவரைப் 'பெரியப்பா' என்றாள். உண்மையைச் சொன்னால் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தம்பிக்குப் பிழை இருந்திருந்தால், யாரும் எதுவும் சொல்லாமலே யூலியாவின் இரத்தத்தையும் எடுத்துப் பார்த்திருப்பார்கள்.

டொக்டர் அம்மா கோப்பை மூடினார்.

"பொறு, பிள்ளை," என்றார் வின்சன்ற். "டொக்டரிட்டச் சொல்லு. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்."

றொனால்டின் கை மகளின் தோளில் அப்படியே நின்றது.

யூலியா கண்களை அகல விரித்து அதை ஜெர்மனில் சொன்னாள். டொக்டர் அம்மா மறுபடி பேனாவை எடுத்து அவசரமாக ஏதோ கேட்டார்.

"நாளைக்கே கூட்டிக்கொண்டு வரச் சொல்லுறா, பெரியப்பா. அவ இப்ப எங்க இருக்கிறா எண்டு கேக்கிறா."