நாற்பது நிமிடத் தூரம்

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன விமான நிலையம், இந்தப் பக்கம் ஒன்று. நடுவே நாற்பது நிமிடம்தான். பெல்ட்டைப் போட்டுக் கழற்றும் நேரம். இறந்துபோன அண்ணனைப் பெட்டியில் வைத்து மூடுமுன் இசக்கியப்பனே அவருக்குச் சவரம் செய்துவிட்டான். பிளேடு வழுக்கி, தாடையில் ஆழமாகக் கீறிவிட்டது. ரத்தம் வரவில்லை. “மன்னிச்சுக்கோண்ணே” என்றான்.

இந்தப் பக்கம் விமானம் இறங்கியதும் பெட்டியைத் திறந்தார்கள். அழுதபடி முகத்தைத் தடவிய மதினி சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

“ஏன் தம்பி, ஒரு சவரம்கூடப் பண்ணி விடலையா?”

“காலைலதான் பண்ணினேன் மதினி.”

குனிந்து பார்த்தான். அண்ணனுக்கு ஒரு வாரத் தாடி. தாடையில் மட்டும் ஒரு கோடு, முடியில்லாமல். அங்கே காயம் ஆறி, பொருக்கு உதிர்ந்து, இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல் மூடியிருந்தது.