கை கனம்

குதிரை நகரவில்லை.

முன்னிருக்கையில் அம்மா வாழ்நாளெல்லாம் உட்கார்ந்து குழி விழுந்த இடத்தில் மகள் முதல் தடவையாக உட்கார்ந்திருந்தாள். கையில் அம்மாவின் கடிவாள வார். சாரட்டு சுவரைப் பார்த்து நின்றது. வலப்பக்கம் திருப்பி, வாசலைத் தாண்டி, தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டிவரை போய் வரவேண்டும்.

வாங்க வந்தவர் கேட்டது அவ்வளவுதான். கல்யாணங்களுக்குச் சாரட்டு வாடகைக்கு விடுகிறவர் அவர். வேறொரு கைக்கு இந்தக் குதிரை அடங்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டால் வண்டியும் குதிரையுமாக எடுத்துக்கொள்வார்.

அம்மா போன பிறகு ஏற்கெனவே இரண்டு பேர் வந்து பார்த்தாயிற்று. சொந்தக் கடிவாளத்தையும் வாரையும் கொண்டுவந்து பூட்டி, சாட்டையைச் சொடுக்கி, இழு இழு என்று இழுத்தார்கள். நட்ட கல் மாதிரி நின்றது. அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. கசாப்புக்காரரிடம் பேசி முடித்துவிட்டான், நாளைக்கு லாரி வருகிறது.

வாங்க வந்தவர் கதவோரம் நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உங்கம்மாவுக்கு இரும்புக் கைங்க. சந்தை நேரத்துல, அவ்வளவு கூட்டத்துல, வண்டிய ஒரே மூச்சில திருப்புவாங்க. எங்கப்பா தன் வண்டிய நிறுத்திட்டு வாயப் பொளந்து பாப்பார்."

ஊரே அப்படித்தான் சொல்லும். அம்மாவோ எலும்பும் தோலுமான மனுஷி. தண்ணீர் வாளியை இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்குவாள். வண்டியில் ஏறிவிட்டால் ஆளே வேறு. அவள் கூட்டிப்போன மணப்பெண்களின் தலையில் ஒரு பூ அசைந்ததில்லை. மழை, காய்ச்சல், புருஷன் செத்த துக்கம், எதுவும் அவளை அந்த இருக்கையிலிருந்து இறக்கிவிட முடியவில்லை. வலி எடுத்தபோதுகூட வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெற்றெடுத்த பிள்ளைதான் இந்த மகள். அந்த ஒட்டடைக்குச்சி உடம்பில் அவ்வளவு பலம் எங்கே ஒளிந்திருந்ததோ என்று அவளும் வியந்து வியந்து பார்த்திருக்கிறாள்.

அப்பா இருந்தவரை வேறொன்றைச் சொல்லிக் கேலி செய்வார். அம்மாவுக்கு ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாது. அறுந்த பொத்தானெல்லாம் அப்பாதான் தைப்பார். ஆனால் கடைக்குப் போனால் ஒரு நூல்கண்டு வாங்காமல் அம்மா வரமாட்டாள், அதுவும் பழுப்பு நிறத்தில். வீட்டில் பழுப்புத் துணி ஒன்றுகூடக் கிடையாது. குதிரைக்குச் சட்டை தைக்கப் போகிறாள் என்பார் அப்பா. அம்மா சிரித்துக்கொண்டே கண்டை வண்டிப் பெட்டிக்குள் போடுவாள்.

வாரை மட்டும் அவள் மகளிடம் கொடுத்ததே இல்லை. சின்ன வயதில் மகள் கெஞ்சிக் கேட்டாள், அழுது கேட்டாள்.

"உனக்குக் கை கனம்டி. பொறு, பாப்போம்."

எப்போதும் அதே பதில். இரும்புக் கை என்று ஊரே புகழும்போது, கை கனமாக இருந்தால் என்ன குறை? கொடுக்க மனமில்லை, அதற்கொரு சாக்கு என்று மகள் முடிவு கட்டினாள். ரோஷம் வந்துவிட்டது. அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

இப்போது கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. வலது வாரை விரல்களில் இறுகச் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, பலம்கொண்ட மட்டும் இழுத்தாள்.

வார் கையோடு வந்துவிட்டது.

இருக்கையில் மல்லாந்தாள். வாங்க வந்தவர் "ஐயோ!" என்று ஓடிவந்தார். வார் விட்டுப்போன குதிரை என்ன பாடு படுத்தும் என்று அவருக்குத் தெரியாதா.

குதிரை ஒன்றும் செய்யவில்லை. தலையைத் தாழ்த்தி, வலது கன்னத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டிக்கொண்டு நின்றது.

மகள் இறங்கிப் போய்ப் பார்த்தாள். வார் மக்கியிருக்கும் என்று நினைத்தாள். தோல் எண்ணெய் பூசி வழவழவென்று இருந்தது. கொக்கி இருக்கவேண்டிய இடத்தில் கொக்கி இல்லை. கடிவாள வளையத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு துண்டுத் தையல்நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

இடப்பக்கம் போனாள். அங்கேயும் வாரையும் வளையத்தையும் சேர்த்துப் பிடித்திருந்தது அதே நூல்தான். ஒற்றை இழை.

வாங்க வந்தவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

"சந்தைக்குள்ள... இத வச்சா?"

மகள் அந்த இழையைத் தொட்டுப் பார்த்தாள். சந்தைக் கூட்டத்தையும் கொட்டும் மழையையும் அத்தனை மணப்பெண்களையும் அம்மா இந்த நூலில்தான் நடத்திக் கொண்டுபோயிருக்கிறாள்.

வண்டிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே நிறையப் பழுப்பு நூல்கண்டுகள். பிரித்திருந்தது ஒன்றே ஒன்று. அதிலும் பாதிகூடத் தீரவில்லை.

ஓர் இழை எடுத்துக் கட்டினாள். ஏறினாள், இழுத்தாள். அறுந்தது. குதிரை கன்னத்தைக் காட்டியது. மறுபடி கட்டினாள், மறுபடி அறுந்தது. வாங்க வந்தவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும்மா. நான் இருக்கேன்."

பிரித்திருந்த கண்டு தீர்ந்து, மகள் புதிதாக ஒன்றைப் பிரித்தாள். கடைசியில் வாரை விரலில் சுற்றாமல், நுனியில் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டு, வலப்பக்கம் போகலாமா என்று கேட்கிற மாதிரி லேசாக அசைத்தாள்.

குதிரை திரும்பியது. வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது.

அம்மாவுக்குத் தீராத நூலை அம்மா யார் கைக்காக இவ்வளவு வாங்கிச் சேர்த்தாள் என்று, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வரும்போதுதான் மகளுக்கு உறைத்தது. கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுக்கலாம் என்றால், நூல் அறுந்துவிடுமே என்று பயமாக இருந்தது.