மணல்மேல் உட்கார்ந்த சுவர்

நைல் நதிக்கரைக் களிமண்ணில் ஒரு பம்ப் அறையை இரண்டு முறை கட்டினார்கள். இரண்டு முறையும் அதன் சுவர் வெடிப்பு விட்டு விழுந்தது. மூன்றாவது முறை அஸ்திவாரம் தோண்ட ஒரு மஞ்சள் பொக்லைன் வந்தது. திரும்பும் அவசரத்தில் அதன் வாளி, பக்கத்திலிருந்த பழங்காலக் கோயில் சுவரின் அடியைக் கிள்ளிவிட்டது.

கிள்ளிய இடத்திலிருந்து மணல் பொலபொலவென்று கொட்டியது.

"ஐயோ, உங்களுக்குக் கீழே வெறும் மணலா!" என்று பதறியது பொக்லைன்.

"முதல்ல அடைப்பா! மணல் ஓடிப்போனா நான் விழுந்துடுவேன்," என்றது கோயில் சுவர்.

பொக்லைன் சரிந்த மணலையெல்லாம் அள்ளித் திணித்து, ஓட்டையை வாளியால் அழுத்திப் பிடித்துக்கொண்டது. சுவர் லேசாக முனகிவிட்டு நின்றது. அதன் பிறகுதான் பொக்லைனுக்கு உயிர் வந்தது.

"இத்தனை காலமும் இது மேலயா நின்னீங்க?"

"ஆமா தம்பி. களிமண்ணு தண்ணி குடிச்சா உப்பும், காய்ஞ்சா சுருங்கும். அந்த ஆட்டத்தை மணல் வாங்கிக்கும். நாலு பக்கமும் ஓடாம அடைச்சு வெச்சா, எந்தப் பாரத்தையும் தாங்கும்."

பொக்லைன் ஓட்டையைக் கல் வைத்து அடைத்துவிட்டு, அன்றைக்கே பம்ப் அறைக்கு ஆழமாகப் பள்ளம் தோண்டி, மணல் நிரப்பி இறுக்கியது. அதன்மேல் புதுச் சுவர் எழுந்தது.

பம்ப் அறையை ஒட்டிய கால்வாயில் தண்ணீர் விட்டார்கள். களிமண் உப்பியது. புதுச் சுவர் நடுங்கியது.

"பொக்லைன் அண்ணே, நான் விழுறேன்!"

பொக்லைன் பதறிப்போய்க் கோயில் சுவரைப் பார்த்தது.

"விழலடா, உட்கார்றே," என்று புதுச் சுவரிடம் சொன்னது கோயில் சுவர். "முதல் வருஷம் நானும் இப்படித்தான் கத்தினேன்."