நூத்திப் பத்தொன்பதாவது சாவு

கதவைத் திறந்தார் தங்கச்சி வீட்டுக்காரர். அவர் முதுகுக்குப் பின்னால் டிவியில், கவசம் போட்ட ஒருத்தன் டிராகன் கக்கிய நெருப்பில் கருகிக்கொண்டிருந்தான்.

"ஐயோ, போச்சு!" என்றார், டிவியைத் திரும்பிப் பார்த்து. அதற்கப்புறம்தான் "வாங்க மச்சான்" வந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு மணி நேரம் பஸ்ஸில் இடுப்பொடிய வந்திருக்கிறேன். தங்கச்சி வேலைக்குப் போயிருக்கிறாள். உள்ளே எங்கம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். பார்த்துக்கொள்ள வேண்டிய மனுஷன் பட்டப்பகலில் வீடியோ கேம் ஆடுகிறார்!

"ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு வந்து தூங்கலையா மாப்பிள்ளை?"

"எங்க மச்சான்…" கண்ணெல்லாம் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. "இப்படி எதையாவது நோண்டிட்டு இருந்தாத்தான் கண்ணு சொருகாம இருக்கு."

உட்கார்ந்து மறுபடி ஆட்டத்தை ஆரம்பித்தார்.

"இந்த கேம் செத்த இடத்துலேருந்தே ஆட விடும் மச்சான். நான்தான் அப்படி ஆட மாட்டேன். ஒரு தடவை செத்தாலும் மொதல்லேருந்து. நானே போட்டுக்கிட்ட சட்டம்."

"இதுவரைக்கும் எத்தனை தடவை செத்தீங்க?"

"இப்ப செத்தது நூத்திப் பத்தொன்பது."

அம்மா இங்கே வந்து எட்டு மாசம். எட்டு மாசமாக ஒரு டிராகனைக் கொல்லத் துப்பில்லை. இந்த ஆளை நம்பி அம்மாவை விட்டு வைத்தேனே, என்னைச் சொல்லணும்.

"தப்பா நினைக்காதீங்க மாப்பிள்ளை. அம்மாவை முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம்னு பாக்கறேன். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர அங்க ஆள் இருக்கு."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "அத்தைக்கு அங்கெல்லாம் ஒத்துக்காதே மச்சான்… இருங்க, அவங்க பெட்ஷீட்டை ஊற வெச்சிருக்கேன். அலசிட்டு வந்து பேசறேன்."

கன்ட்ரோலரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்படி என்னதான் இருக்கிறது இதில்? கோட்டை வாசலில் நின்றவனை வெட்டிச் சாய்த்தேன். அட! அடுத்தவனையும் சாய்த்தேன். பாலத்தில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல். "மாப்பிள்ளை… கொஞ்சம் வாங்களேன்…"

"நான் வந்திருக்கேம்மா! ஒரே நிமிஷம்!"

மறுபடியும் கூப்பிட்டாள். அவசரத்தில் எல்லா பட்டனையும் அமுக்கிப் பார்த்தேன். அந்தப் பாழாய்ப்போன ஆட்டம் நிற்கவே இல்லை.

ஈரக் கையோடு மாப்பிள்ளை என்னைத் தாண்டி ஓடினார்.

"மாப்பிள்ளை, இதை நடுவுல நிறுத்தி வெக்கற பட்டன் எது?" என்று கத்தினேன்.

அம்மாவின் அறைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"இந்த ஆட்டத்துல அது கிடையாது மச்சான். அத்தை கூப்பிட்டா, செத்துட்டுத்தான் வரணும்."