நொட்டை சொல்லாத வாய்

கசந்தது.

முதல் வாய்ச் சோறு. அதில் பிசைந்திருந்த கிழங்குத் துண்டு பல்லில் பட்டு உடைந்ததும், கசப்பு போய் நாக்கின் அடியில் உட்கார்ந்துகொண்டது.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். பிள்ளைகளைப் பார்த்தாள்.

இரண்டும் தின்றுவிட்டுப் படுத்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. சபரி சுவரோரம் சுருண்டு கிடந்தான். சின்னவள் மல்லாந்து, வாயைத் திறந்துகொண்டு.

அவர்கள் தட்டில் ஒரு பருக்கை இல்லை. வழித்துத் தின்றிருந்தார்கள்.

அந்த வீட்டில் அவள்தான் கடைசியாகச் சாப்பிடுவாள். புருசன் இருந்தாலும் அப்படித்தான். அவன் போர்வெல் போடும் வண்டியோடு வடக்கே போய்க் கிடக்கிறபோதும் அப்படித்தான். பிள்ளைகள் தின்று மிஞ்சினால்தான் அவளுக்கு.

வாயிலிருந்ததைக் கையில் துப்பினாள். வெள்ளையாகத்தான் இருந்தது. நல்ல கிழங்கு மாதிரிதான்.

நேற்று ஆலையில் பொறுக்கியது.

ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக்குத் தோல் சீவுகிறாள். லாரியிலிருந்து தட்டும்போது ஒடிந்து உருண்டதை மடியில் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் சீவிக்கொண்டிருந்த பெருமாயி பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏம் புள்ள, அது மெசினு திங்கிற கெழங்கு. உன் வயிறு என்ன மெசினா?"

"மெசினுதான்க்கா. என்ன போட்டாலும் அரைக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் பெருமாயி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஒண்ணு ரெண்டு கசப்பு கெடக்கும். தெறந்து வேக வெச்சு, தண்ணிய ரெண்டு தரம் கொட்டிரு."

கொட்டவில்லை.

அடுப்பு காலையிலேயே சிவப்பாக எரிய ஆரம்பித்திருந்தது. சிலிண்டர் தீரப்போகிறது. திறந்து வைத்து வேகவைத்தால் பாதியில் அணைந்துவிடும். குக்கரில் போட்டு மூடினாள். விசில் வந்தது. இறக்கினாள்.

தண்ணீர் கெட்டியாக, மாவுப் பால் போல நின்றது. அதைப் பார்த்ததும் பருப்பில்லாத குறை தெரியாது என்று தோன்றியது. புளியைக் கரைத்து, மிளகாய்த்தூள் போட்டு, அதே தண்ணீரைக் குழம்பாகக் கூட்டினாள்.

அவள் வீட்டில் எந்தத் தண்ணீரும் சும்மா போனதில்லை. அரிசி கழுவினது குழம்புக்கு. சோறு வடித்தது உப்புப் போட்டுக் குடிக்க.

இறக்கும்போது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்த்தாள். புளிப்பும் காரமும்தான் தெரிந்தது.

தட்டை விட்டு எழுந்து சின்னவளிடம் போனாள். மூக்கின் கீழே விரலை வைத்தாள்.

மூச்சு வந்தது. சூடாக.

அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தாள்.

வந்தது.

தூங்குகிறாளா, வேறு ஏதாவதா? பகலில் தூங்குகிற பிள்ளை இல்லையே இவள். வயிறு நிறைந்தால் தூக்கம் வராதா? வயிறு நிறைந்து என்றைக்குத் தின்றாள், தெரிந்துகொள்ள?

ஆலைக்குப் பின்னால் தோல் குவியலில் வாய் வைத்த ஆட்டைப் போன மாதம் பார்த்திருக்கிறாள். அதுவும் முதலில் படுக்கத்தான் செய்தது. பிறகு எழவேயில்லை.

சின்னவளின் கடைவாயில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. எடுத்துத் தன் வாயில் போட்டாள்.

கசந்தது.

இல்லை, அது ஏற்கெனவே நாக்கில் இருந்த கசப்பு. குடத்துத் தண்ணீரை அள்ளிக் கொப்பளித்தாள். கொப்பளித்த தண்ணீரும் கசந்தது. நாக்கு இனி ஒன்றும் சொல்லாது.

ஒரு கிழங்குதான் கசப்போ. அந்தத் துண்டு தனக்கு வந்ததோ. அப்படியே இருக்கட்டும். ஆனால் தண்ணீர்? அது எல்லோருக்கும் பொதுவாகத்தானே போனது?

சபரியை உலுக்கினாள். எழவில்லை. இன்னும் பலமாக உலுக்கினாள். தலை ஆடியது.

"சாமி. டேய். எந்திரி."

கண்ணைத் திறந்தான். சிவந்திருந்தது. தூக்கச் சிவப்பா என்று உற்றுப் பார்த்தாள்.

"குழம்பு கசந்துச்சா?"

அவன் அவள் கையைப் பார்த்தான்.

குழம்புக் கரண்டி. எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை ரேசன் அரிசிச் சோறு நாறுகிறது என்று தட்டைத் தள்ளினான். அவள் அப்போதுதான் ஆலையிலிருந்து வந்திருந்தாள். முதுகு நிமிரவில்லை. இதே கரண்டியைத் திருப்பி விரல் முட்டியில் போட்டாள். சோத்த நொட்ட சொல்ற வாய்க்குச் சோறு கெடையாது என்றாள். அவன் அழுதுகொண்டே தின்று முடித்தான். முட்டி இன்னும் கன்றிக் கிடக்கிறது.

"சொல்லு சாமி. அம்மா அடிக்க மாட்டேன். கசந்துச்சா?"

"இல்லம்மா."

"நெசத்தச் சொல்லுடா."

"நல்லாருந்துச்சு."

கரண்டி கையிலிருந்து விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்தான்.

சின்னவள் அசையவில்லை.

அவளை வாரித் தோளில் போட்டாள். அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கதவைச் சாத்தவில்லை. செருப்புப் போடவில்லை. தார் ரோட்டில் ஆட்டோ நிற்கும். ஓடினாள்.

தோளில் சின்னவளின் தலை அங்குமிங்கும் அடித்தது. பின்னால் அவன் இழுபட்டு ஓடிவந்தான். எங்கே போகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரிந்தது. அம்மாவுக்குக் கோபம்.

"நெசமாவே நல்லாருந்துச்சும்மா," என்றான்.

மூச்சு வாங்க, மறுபடியும் சொன்னான்.

"எனக்கு இன்னும் கூடப் போடும்மா. திங்கிறேன்."